நிற்பதற்கு ஒரு காரணம்

தெற்குவாசல் மார்க்கெட்டைத் தாண்டினானோ இல்லையோ, தனுஷ்கோடிக்கு இடது கெண்டைக்கால் இறுக ஆரம்பித்துவிட்டது. முதலில் எப்போதும் மரியாதையாகத்தான் வரும், பின்னாலிருந்து யாரோ வேட்டியை லேசாக இழுத்து அண்ணே ஒரு நிமிஷம் என்று கூப்பிடுகிற மாதிரி. கண்டுகொள்ளாமல் நடந்தால் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி சதையைப் பிழியும். அதற்கும் மசியவில்லையென்றால் உள்ளங்கால் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, இனி நட பார்ப்போம் என்னும். ஆகவே நிற்க வேண்டும். நிற்பது பெரிய விஷயமில்லை, கொஞ்ச நேரம் நின்றால் வலி வந்த வழியே போய்விடும், அந்த வகையில் நாணயமான வலிதான். எதற்காக நிற்கிறோம் என்பதில்தான் கஷ்டமெல்லாம் இருந்தது. நாற்பது வயதாகாத ஆம்பளை, நரை இல்லை, தொப்பை இல்லை, டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பாதி மதுரைக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன், சாயங்கால நேரத்தில் ஜனம் முட்டி மோதிப் போகிற தெருவில் சும்மா நிற்க முடியுமா. நின்றால் என்ன என்பார்கள். கால் வலி என்றால் ஏன் என்பார்கள். அந்த ஏனுக்குப் பதில் சொன்னால் அது அவன் வீடு போய்ச் சேருமுன்னே காளீஸ்வரி காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், ஏனென்றால் இந்தத் தெருவில் பாதிப் பேர் அவன் பெண்டாட்டிக்குச் சொந்தம், மீதிப் பேர் அவள் தம்பி பூமிநாதன் கடைக்குச் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்ட வருகிறவர்கள். அதனால் நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும், பார்க்கிறவன் தலையாட்டிவிட்டுப் போகும்படியான காரணம். இன்றைக்குக் கால் அவனைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்தில் நல்லவேளையாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருந்தது. அதன் முன்னால் போய்க் கைகட்டி நின்றுகொண்டான்.

இறந்தவர் ஒரு ரைஸ்மில் அதிபர். மீசையும் சிரிப்புமாக இருந்தார். மார்பு வரைக்கும்தான் படம். தனுஷ்கோடிக்கு இப்போதெல்லாம் இது கண்ணில் படுகிறது, போஸ்டரில் யாருக்கும் கால் போடுவதில்லை, பேனரில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற தலைவர்களுக்குக்கூட முட்டிக்குக் கீழே கட்சிக்காரன் படம் வந்துவிடுகிறது, கால் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன, மனுஷன் மார்பு வரைக்கும் இருந்தால் போதும் என்று ஊர் முடிவு பண்ணியிருக்கிறது போல. வருந்தும் பேரன் பேத்திகள் பெயர்களை ஒன்றுவிடாமல் படித்தான். அவசரமாகப் படித்தால் வலி போவதற்குள் பேரன்கள் தீர்ந்துபோவார்கள், அது அனுபவத்தில் கண்டது. இப்படித்தான் போன மாதம் வேறொரு போஸ்டரை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து தெரிஞ்சவரா தம்பி என்று கேட்டார், ஆமாம் என்று தலையாட்டிவிட்டான், வேறென்ன செய்வது. பெரியவர் அவன் கையைப் பிடித்து அடுத்த சந்திலிருந்த துக்க வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். வாசலில் பந்தல், வரிசையாக நாற்காலிகள். நாற்காலியைப் பார்த்ததும் அவனுக்குப் போக மனமில்லை. உட்கார்ந்துவிட்டான். காபி வந்தது. செத்தவருடைய மகள் அவனைப் பார்த்து, அப்பா உங்களைப் பத்தி அடிக்கடி சொல்லுவாருண்ணே என்று அழுதாள், யாரென்று நினைத்துக்கொண்டாளோ, அதைக் கேட்டதும் இவனுக்கும் பொலபொலவென்று வந்துவிட்டது. பொய்யழுகை இல்லை. செருப்புக்குள் இருந்த கட்டைவிரல் புண்ணை நினைத்து அழுதான். வீட்டில் அழ முடியாமல் இருந்ததையெல்லாம் அங்கே அழுதான். அந்த வீட்டில் அவனளவுக்கு யாரும் அழவில்லை என்று பெரியவர் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

கட்டைவிரலை வாசல்படியில் இடித்துக்கொண்டதாகத்தான் காளீஸ்வரியிடம் சொல்லியிருந்தான். அவள் மஞ்சளை அரைத்துப் பற்றுப்போட்டாள், புண் ஆறவில்லை, மறுபடியும் இடித்தீர்களா என்றாள், ஆமாம் என்றான். அவள் ஆசாரியை வரவழைத்து வாசல்படியின் முனையை இழைத்துத் தள்ளிவிட்டாள். பாவம் அந்த வாசல்படி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாரையும் ஒன்றும் செய்ததில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாம். டாக்டர் ஷம்ஷாத் பேகம், சின்ன வயசுதான், அவனைப் படுக்கவைத்துக் கையில் நாடி பார்க்காமல் பாதத்தில் பார்த்தார். புறங்காலில் இரண்டு விரலை வைத்து அழுத்தினார், கணுக்காலுக்குப் பின்னால் வைத்தார், மறுபடி புறங்காலுக்கு வந்தார், பூட்டியிருக்கிற வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கிறவர் மாதிரி. இங்க துடிப்பே இல்லையே என்று நர்ஸிடம் சொன்னார். ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு இது பர்ஜர் நோய் என்றார். அவன் காதில் அது பர்கர் நோய் என்று விழுந்தது. மேடம், நான் வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான் சாப்பிட்டிருக்கேன், அதுவும் மச்சினன் பிள்ளை பிறந்தநாளைக்கு, பாதியை வச்சுட்டேன் என்று சொன்னான். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. அவனைப் பயமுறுத்தியது அதுதான். சிரிக்க வேண்டிய இடத்தில் ஒரு டாக்டர் சிரிக்கவில்லையென்றால் விஷயம் பெரிசு. காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் வீங்கிப் புண்ணாகி, ரத்தம் அங்கங்கே உறைந்து அடைத்துக்கொண்டு வருகிறது, புகையிலை போய்ச்சேர்கிற உடம்புக்குத்தான் இது வருகிறது, மாத்திரை பாதி வேலைதான் பார்க்கும், இதே மாதிரி போனால் முதலில் விரலை எடுக்க வேண்டிவரும், அப்புறம் பாதம், அப்புறம் முட்டிக்குக் கீழே. எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"சிகரெட்டா, காலா? நீங்களே சொல்லுங்க."

கால்தான் மேடம் என்று பட்டென்று சொன்னான். சட்னியா சாம்பாரா என்று கேட்டால் சொல்கிற வேகத்தில் சொன்னான். அவ்வளவு சுலபமான கேள்வி. வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்று ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டான்.

வலி போய்விட்டது. ரைஸ்மில் அதிபருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தான். நடக்கச் சொன்னதும் டாக்டர்தான். வலிக்கிற வரைக்கும் நடங்க, வலிச்சா நில்லுங்க, போனதும் திரும்ப நடங்க, தினமும். அதைக் காளீஸ்வரியிடம் உள்ளபடியே சொல்லியிருந்தான், நடக்கச் சொன்ன பாதியை மட்டும். மீதிப் பாதிக்குப் பதிலாகச் சத்துக் குறைவு என்று சொல்லிவைத்தான். சொன்ன நாளிலிருந்து முருங்கைக்கீரை சூப்பும் எள்ளுருண்டையும் ஞாயிற்றுக்கிழமை மிளகு போட்ட ஈரல் வறுவலும் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த ஈரல் வறுவலை நினைத்தால் உண்மையைச் சொல்லக்கூட மனசு வரமாட்டேன் என்கிறது, சே, என்ன மனுஷன் நான் என்று நினைத்துக்கொண்டான், நினைக்கும்போதே நாக்கில் மிளகு உறைத்தது. சிகரெட்டைத் தைப்பூசத்துக்கு மாலை போட்டபோதே விட்டுவிட்டதாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். நிஜமாகவே விட்டான், மாலை கழற்றுகிற வரைக்கும். இப்போதும் பழைய மாதிரி பாக்கெட் பாக்கெட்டாக இல்லை, நாளைக்கு ஒன்றே ஒன்று, சாயங்காலம் மட்டும். ஒன்றுகூடக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார், ஆனால் டாக்டர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், நாமே கிளாஸில் முப்பதுக்கு மேல் போகாதே என்றுதானே சொல்கிறோம், எவன் முப்பதில் போகிறான். வீட்டுப் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் வாங்க முடியாது, எல்லாம் சொந்தம். விளக்குத்தூணைத் தாண்டிக் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் இவனை யாரென்றே தெரியாத ஒரு கடை இருக்கிறது. தினமும் அதுவரைக்கும் நடை. டாக்டர் சொன்ன நடையும், டாக்டர் கூடாதென்ற சிகரெட்டும் ஒரே ரோட்டில். இதில் ஒரு நியாயம் இருப்பதாகக்கூட அவனுக்குச் சில நாள் தோன்றும், நடப்பதால் கால் கொஞ்சம் தேறும், பிடிப்பதால் கொஞ்சம் கெடும், கணக்கு நேராகிவிடும். சிகரெட் இல்லையென்றால் இவ்வளவு தூரம் நடப்போமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, நடக்கமாட்டோம் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு, ஆகவே அந்தச் சிகரெட் ஒரு வகையில் மருந்து என்கிற இடத்துக்கு வந்துசேர்ந்தபோது, தெற்குமாசி வீதியில் பாத்திரக்கடை முன்னால் கால் மறுபடி பிடித்துக்கொண்டது.

பாத்திரக்கடை நல்ல இடம். வாசலிலேயே வாளியும் குடமும் தொங்கும், எதையாவது ஒன்றைத் தூக்கித் தட்டிப் பார்க்கலாம். ஒரு தூக்குவாளியை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டே நின்றான். வலது கால் போனால்தான் கஷ்டம் என்று நினைத்தான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவன் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பிரேக் வலது காலுக்கு. படிக்க வருகிறவர்கள் ஆட்டோவைக் கண்டதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள், அந்த நேரத்தில் இவனுடைய வலது கால்தான் தெய்வம். இடது கால் கிளட்சுக்கு மட்டும்தான். கிளட்சே இல்லாத வண்டி இப்போது எவ்வளவோ வந்துவிட்டது. அப்படியானால் இடது கால் அப்படியொன்றும் அவசியமில்லை என்று ஆகிறது. இப்படி ஒரு காலை மனசுக்குள் விட்டுக்கொடுத்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, உடனே செருப்பு ஞாபகம் வந்தது. செருப்புக்கடையில் ஒற்றைச் செருப்பு தருவானா. ஜோடியாகத்தான் தருவான். மிச்சச் செருப்பை என்ன செய்வது. வலது கால் இல்லாத ஒருத்தன், இதே அளவில், எங்கேயாவது இருப்பான், அவனைக் கண்டுபிடித்துப் பங்காளி ஆகிவிடலாம், அவனுக்குக் கறுப்பு பிடித்து இவனுக்குப் பழுப்பு பிடித்தால் அதில் ஒரு சண்டை வரும். அவன் முகம்கூடத் தெரிந்தது, ஊர் மேலூர்ப் பக்கம், கொஞ்சம் முன்கோபி. இத்தனையும் விளையாட்டாகத்தானே நினைத்துக்கொண்டிருந்தான், எந்த இடத்தில் அது விளையாட்டு இல்லாமல் போனது என்று தெரியவில்லை. ராத்திரி கட்டிலில் காலைத் தொங்கப்போட்டால்தான் குத்தல் அடங்குகிறது, தொங்குகிற காலைத் தொட்டால் அது தண்ணீர்ப்பானை மாதிரி குளிர்ந்துபோய்க் கிடக்கிறது, தன்னுடைய கால்தானா என்று சந்தேகம் வருகிறது, பக்கத்தில் காளீஸ்வரி அசந்து தூங்குகிறாள். இவள் எழுந்து விளக்கைப் போட்டால் என்ன என்று இருக்கும். எழுந்துவிடக் கூடாதே என்றும் இருக்கும். தூக்குவாளி வேணுமாண்ணே என்றான் கடைக்காரன். மூடி சரியாக உட்காரலையே என்று குறை சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

அடுத்த நிறுத்தத்தை நினைத்தால்தான் அவனுக்கு இப்போதே வியர்த்தது. எவ்வளவு மெதுவாக நடந்தாலும், எவ்வளவு வேகமாக நடந்தாலும், பாத்திரக்கடையில் கூடுதலாக நின்றாலும் குறைத்து நின்றாலும், கால் கொண்டுபோய் நிறுத்துகிற இடம் விளக்குத்தூண் பக்கத்து நைட்டிக் கடை. அதற்கு முன்னால் ஒரு பேங்க் இருக்கிறது, அங்கே நிறுத்தக் கூடாதா, ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கே நிறுத்தக் கூடாதா. இல்லை. நேரே கொண்டுவந்து பூப்போட்ட நைட்டிகளும் கோடுபோட்ட நைட்டிகளும் காற்றில் ஆடுகிற வாசலில்தான் கெண்டைக்காலைப் பிடித்து முறுக்கும். ஒரு ஆம்பளை எத்தனை நாள் நைட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கடையில் இரண்டு பெண்கள், ஒரு கடைக்காரம்மா. முதலில் சும்மா பார்த்தார்கள், அப்புறம் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் அவன் வருகிற நேரத்துக்குக் காத்திருந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். போன வாரம் கடைக்காரம்மா வெளியே வந்து, உள்ள வந்து பாருங்கண்ணே என்று கூப்பிட்டுவிட்டாள். கால் வலி முழுசாகப் போயிருக்கவில்லை, ஓட முடியாது. உள்ளே போனான். அளவு என்ன என்றாள். அவனுக்குக் காளீஸ்வரியின் அளவு எப்படித் தெரியும், சட்டையிலிருந்து சாம்பார்ப் பொடி வரை அவள்தானே வாங்குகிறாள். அங்கே நின்று மனைவியின் உருவத்தை நினைத்துப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. மீடியம் என்று சொல்லிவைத்தான். காளீஸ்வரி மீடியம் இல்லை. பொம்மை மாதிரி இருந்த அந்த நைட்டியைப் பையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எதிரே பைக்கில் பூமிநாதன். மச்சான் என்று கையாட்டினான். பையைப் பார்த்தான், கடையைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். கேட்டிருந்தால்கூடத் தேவலாம். வீட்டுக்குக் கொண்டுபோனால், தெற்குவாசலில் இல்லாத நைட்டியா, இதற்கு எதற்கு இவ்வளவு தூரம், ஏன் மீடியம் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக நூல் பிடித்து அவள் கட்டைவிரல் வரைக்கும் வந்துவிடுவாள். ஸ்கூல் வண்டியின் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் வைத்தான், அங்கேயே கிடக்கிறது. இன்றைக்குக் கடைக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நின்று பார்த்தான். எதிர்ப்பக்கத்தில் பஸ்ஸும் ஆட்டோவும்தான். பஸ் நம்பரைப் படித்துக்கொண்டு நின்றான். முதுகுக்குப் பின்னால் பெண்கள் சிரிப்பது கேட்டது. அக்கா, இன்னைக்குக் கோபம் போல, என்று ஒருத்தி சொன்னாள்.

கீழமாசி வீதிக்குள் திரும்பியதும் மிளகாய் வற்றல் நெடி மூக்கில் ஏறியது, மூட்டை இறக்குகிறவர்களின் தும்மல், மஞ்சள் தூசி, பெருங்காயம். இங்கே வந்ததும் அவனுக்கு வேறொரு அவசரம் வந்துவிடும், தொண்டைக்குள் ஒரு சின்னக் கை நீண்டு எங்கே எங்கே என்று துழாவும், வலியை மறந்துபோவான், தன் பெயர்கூட மறந்துபோகலாம். காளீஸ்வரி, கால், டாக்டர், புண் எல்லாம் கடையை ஒட்டிய சந்து முனையில் அவனை விட்டுவிட்டு நின்றுவிடும். இதை விட முடியாதா என்றால் முடியும், நாளையிலிருந்து முடியும், நாளைக்கு என்பது எவ்வளவு நல்ல நாள், அதில் அவன் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை. கடைக்காரர் இவன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் ஒன்றை எடுத்து நீட்டினார். உதட்டில் வைத்தான். கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த லைட்டரைப் பிடித்துக் குனிந்தான்.

"அவ எங்க?"

அந்தக் குரலை அவனுக்குப் பதின்மூன்று வருஷமாகத் தெரியும். திரும்பினான். காளீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை, கையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் ஒரு கட்டு முருங்கைக்காய், இடியாப்பத் தட்டு, ஒரு துடைப்பம். அவள் இவனைப் பார்க்கவில்லை, இவனுக்குப் பின்னால் சந்துக்குள் பார்த்தாள், கடைக்காரரைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள். எவ என்று கேட்டான், சிகரெட் உதட்டிலேயே ஆடியது. மீடியம் சைசுக்காரி என்றாள். பூமிநாதன் நைட்டிக் கடையில் போய் விசாரித்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறான், அளவோடு சொல்லியிருக்கிறான். பை கடையை விட்டு வந்தது, வீட்டுக்கு வரவில்லை, அப்படியென்றால் எங்கே போனது. கேட்டால் மழுப்புவான் என்று கேட்காமல் வாசலிலிருந்தே பின்னாலேயே வந்திருக்கிறாள். இவன் நின்ற இடமெல்லாம் அவளும் நிற்க வேண்டியிருந்தது. இவன் போஸ்டர் படித்தபோது அவள் முருங்கைக்காய்க்காரியிடம் நின்றாள், சும்மா நின்றால் விடுவாளா, வாங்க வேண்டியதாயிற்று. பாத்திரக்கடையில் இவன் ஒரு பக்கம் தூக்குவாளியைத் திருகிக்கொண்டிருந்தபோது, அவள் மறுபக்கம் பிளாஸ்டிக் வாளி அடுக்குக்குப் பின்னால் குனிந்திருந்தாள், அங்கே வாளி. செலவு வைத்துக்கொண்டே போனான், இந்த மனுஷன் எதற்கு இப்படி நிமிஷத்துக்கு ஒரு இடத்தில் நிற்கிறான் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. இப்போதுதான் அவள் பார்வை இவன் உதட்டுக்கு வந்தது. பார்த்தாள். முகத்தில் ஒரு பெரிய பாரம் இறங்கியது தெரிந்தது, இதுக்குத்தானா என்று சொல்லி வாயைத் திறந்து சிரித்தேவிட்டாள், கடைக்காரரும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். ஆமாம் இதுக்குத்தான், இனிமே பிடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவலுக்குக்கூடப் பங்கம் வந்திருக்காது. ஆனால் இத்தனை தூரம் ஒரு பொம்பளை, தன் பங்குக்கு ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்றை வாங்குவதாக நடித்துக்கொண்டு, தன் பின்னாலேயே வந்திருக்கிறாள் என்பது அவனை என்னவோ செய்தது. துக்க வீட்டில் வந்த மாதிரியே வந்துவிடும் போலிருந்தது. சிகரெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கெண்டைக்கால், பாதத்தில் துடிப்பு இல்லாதது, பர்கர் என்று காதில் விழுந்தது, முதலில் விரல், அப்புறம் பாதம், நைட்டி ஸ்டெப்னிக்கு அடியில் கிடப்பது, வாசல்படி மேல் தப்பே இல்லை என்பதும்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் இடது காலைச் செருப்பிலிருந்து எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்தாள். கடை வெளிச்சத்தில் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். பாதத்தைத் தொட்டதும் கையை ஒருதரம் எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"பொம்பளையா இருந்தாக்கூட நாலு வார்த்தை கேட்டு விரட்டிவிட்டிருப்பேன். இதை என்னங்க பண்றது?"

எழுந்து அவன் கையிலிருந்த சிகரெட்டைப் பிள்ளை வாயிலிருந்து மண்ணை எடுக்கிற மாதிரி எடுத்தாள். கடைக்காரரிடம் நீட்டினாள். உதட்டில் வச்சதைத் திருப்பி வாங்கமாட்டேம்மா என்றார் அவர். ஒடித்துச் சாக்கடையில் போட்டாள். இவருக்கு இனிமேல் கொடுக்கக் கூடாது என்று அவரிடம் கட்டளையாகச் சொன்னாள், இவர் யாருன்னே எனக்குத் தெரியாதே என்று அவர் தன் நியாயத்தைச் சொன்னார். அதற்கு அவள், நாளைக்கு டாக்டரிடம் தானும் கூட வரப்போவதாக இவனைப் பார்த்துச் சொன்னாள், பதில் ஒருத்தருக்கு, பார்வை இன்னொருத்தருக்கு. ஒடிந்த சிகரெட் சாக்கடைத் தண்ணீரில் புகையிலையை அவிழ்த்துவிட்டுப் போவதைத் தனுஷ்கோடி பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டைக்குள் அந்தச் சின்னக் கை இன்னும் துழாவிக்கொண்டுதான் இருந்தது. அது இன்றைக்கு அடங்காது, நாளைக்கும் அடங்காது, அது அவனுக்குத் தெரியும், ஆனால் இனி அது துழாவும்போது கூட ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள்.

திரும்பி நடந்தார்கள். காளீஸ்வரி வேகமாக நடந்தாள், கோபம் இப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தது போல, வாளி முன்னும் பின்னும் ஆடியது, சத்துக் குறைவாம், எள்ளுருண்டையாம் என்று அவள் தனக்குள் பேசிக்கொண்டு போவது துண்டு துண்டாகக் கேட்டது. நைட்டிக் கடையை அவள் ஒரு முறை முறைத்துவிட்டுத் தாண்டினாள், உள்ளே சிரிப்பு நின்றுபோனது. அவளுடைய வேகத்துக்கு ஈடுகொடுத்ததில் அவன் கால் வழக்கமான இடத்துக்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டது. கண் தன்னால் தேடியது. ஒரு பக்கம் பூட்டிய சரக்குக் கிட்டங்கி, அதன் நீளச் சுவர், வெள்ளையடித்த வெறும் சுவர், போஸ்டர் இல்லை, விளம்பரம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு ஃபேன்சி ஸ்டோர் தெரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அதுவரைக்கும் போய்விட்டால் வளையலைப் பார்க்கலாம், ரிப்பனைப் பார்க்கலாம். சதை பிழிந்தது. இன்னும் நாலு எட்டு என்று காலைத் தூக்கியவன், தூக்கிய காலை அங்கேயே வைத்தான்.

"காளி," என்றான். "வலிக்குது."

அவள் நின்றாள். திரும்பி வந்தாள். அவனையும் சுவரையும் பார்த்தாள், இத்தனை நாளும் நின்ற நிற்பெல்லாம் இப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாளிக்குள் இருந்ததையெல்லாம் எடுத்து இடியாப்பத் தட்டையும் துடைப்பத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், முருங்கைக்காய்க் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டாள், வாளியைச் சுவர் ஓரமாகக் கவிழ்த்தாள். உட்காருங்க என்றாள். புது வாளி, உடைந்துவிடும் என்றான். உடைஞ்சா உடையட்டும் என்றாள். பயந்து பயந்துதான் உட்கார்ந்தான். வாளி ஒருதரம் முனகிவிட்டுத் தாங்கிக்கொண்டது. காலை நீட்டினான். தெற்குமாசி வீதியே அவனைப் பார்க்கும்படியாக ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் முருங்கைக்காயோடு காளீஸ்வரி காவல் நின்றாள். அந்தப் பக்கமாக வந்த ஒரு அம்மா இவர்களைப் பார்த்ததும் நின்று, கட்டிலிருந்து ஒரு காயை இழுத்து வளைத்துப் பார்த்து, காய் எப்படிம்மா என்று கேட்டாள்.

"விக்கிறதுக்கில்லக்கா," என்றாள் காளீஸ்வரி. "இவருக்குக் கால் வலி. அதான் நிக்கிறோம்."

அந்த அம்மா காயை விட்டுவிட்டுத் தனுஷ்கோடியைக் குனிந்து பார்த்தாள். பார்த்தால் ஆள் நல்லா இருக்கிறாரே என்பது போல மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்தக் கால் என்று கேட்டாள். காளீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

"இடது கால்க்கா," என்றான்.